கையடக்கக் கணினியில் லினக்ஸ்: இரண்டு வார இறுதி என்று நினைத்தேன், பதினான்கு மாதம் ஆனது

இழுப்பறையில் பல வருடமாகக் கிடந்த ஒரு கையடக்கக் கணினியை எடுத்துத் தூசி தட்டியதில் தொடங்கியது இந்த வினை. இன்டெல்லின் பிஎக்ஸ்ஏ270 பிராசஸர், 64 எம்பி ராம், 240க்கு 320 அளவில் தொடுதிரை, உள்ளே விண்டோஸ் மொபைல் 2003. போன் வசதியெல்லாம் கிடையாது. நாட்குறிப்பு, முகவரிகள், ஒரு ஸ்டைலஸ், அவ்வளவுதான். இதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, பையில் போட்டுக்கொண்டு போகிற, கட்டளை தட்டி வேலை வாங்கும் சின்ன டெர்மினலாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டேன். இரண்டு வார இறுதி போதும் என்று காலண்டரில் குறித்தும் வைத்தேன். கடைசியில் பதினான்கு மாதம் ஆனது. நோட்டில் எழுதிவைத்த கணக்குப்படி அறுநூறு மணி நேரத்துக்கு மேல். ஒரு கருவி செத்தது, அதே மாடலில் இன்னொன்றைப் பழையதாகத் தேடி வாங்கினேன், அதுவும் அரை ஊனம் ஆனது. பேட்டரி மூன்று. இதையெல்லாம் முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதிக்குப் பாதி மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் ஏமாந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் ஆர்ம் வகைப் பிராசஸரில் ஓடும். என் கருவியில் இருப்பது ஆர்ம் பிராசஸர். ஆகவே என் கருவியில் லினக்ஸ் ஓடும். இந்தக் கணக்கில் இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில்தான் என் பதினான்கு மாதமும் போனது. மேசைக் கணினியில் ஒரு கார்டைச் செருகினால், நான் இன்னார், எனக்கு இன்ன டிரைவர் வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். கையடக்கக் கருவியில் பெரும்பாலும் எதுவும் எதையும் சொல்லாது. திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு பிராசஸரின் எந்தக் காலோடு (சில்லிலிருந்து வெளியே வரும் இணைப்பு முனை) இணைந்திருக்கிறது, அந்தக் காலுக்கு 1 கொடுத்தால் எரியுமா 0 கொடுத்தால் எரியுமா என்பதுவரை நாம்தான் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குச் சொல்ல வேண்டும். பிராசஸருக்கு ஆதரவு இருப்பது வேறு, அந்தப் பிராசஸரைச் சுற்றிக் கட்டிய போர்டுக்கு ஆதரவு இருப்பது வேறு. 2000ஆம் ஆண்டிலேயே காம்பேக் நிறுவனத்தின் ஐபேக் கையடக்கக் கணினியில் லினக்ஸ் ஓடியது, 2002இல் ஷார்ப் நிறுவனம் லினக்ஸோடேயே ஸாரஸ் எஸ்எல்-5500 கருவியை விற்றது, அப்போதே முடிந்த வேலை இப்போது எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்திருந்தேன். ஐபேக்கில் அந்த வேலையைத் தொடங்கியவர்கள் காம்பேக்கின் சொந்த ஆய்வகத்தில் இருந்தவர்கள் என்பதும், சர்க்யூட் படத்துக்கு அவர்கள் என்னைப் போல் அலைய வேண்டியிருந்திருக்காது என்பதும் ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலை முடிவாகிவிடுகிறது. என்னிடம் இருந்த மாடலில் அதுவரை யாரும் கை வைத்ததில்லை. ஆனால் அதே பிராசஸரும் ஏறக்குறைய அதே சில்லுகளும் கொண்ட உறவுக்காரக் கருவிகள் சிலவற்றுக்குக் கர்னலில் ஏற்கெனவே ஆதரவு இருந்தது. அப்படி ஒரு சொந்தக்காரன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இருந்தால் அவனுடைய கோப்பை நகலெடுத்து, வித்தியாசப்படும் இடங்களை மட்டும் மாற்றலாம். நானோ வெற்றுக் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீம்புதான், வேறென்ன.

கர்னல் பதிப்பு விஷயத்தில் போனது ஆறு வாரம். புதியது என்றால் நல்லது என்ற பொதுப்புத்தியில் அப்போதைய ஆகப் புதிய கர்னலை இறக்கிக்கொண்டேன். பழைய காலத்தில் ஆர்ம் கருவி ஒவ்வொன்றுக்கும் கர்னலுக்குள் அதன் வன்பொருளை விவரிக்கும் ஒரு போர்டு ஃபைல் இருக்கும், அதற்கென்று ஓர் இயந்திர எண்ணும் இருக்கும். 2011 வாக்கில் இந்தக் கோப்புகள் மலைபோல் குவிந்து, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே பொறுமையிழந்து பேசும் அளவுக்குப் போனபிறகு, வன்பொருள் விவரத்தைத் தனியாக எழுதிக் கொடுக்கும் டிவைஸ் ட்ரீ முறைக்கு ஆர்ம் உலகம் நகர்ந்தது. யாரும் பயன்படுத்தாத பழைய போர்டு ஃபைல்களை 2023இல் வந்த 6.3 பதிப்பில் மொத்தமாகக் கழித்துக்கட்டினார்கள். பிஎக்ஸ்ஏ கருவிகளில் பெரும்பாலானவை அதில் போய்விட்டன. நான் நகலெடுத்திருக்க வேண்டிய உதாரணங்கள் எல்லாம் நான் இறக்கிய கர்னலில் இல்லவே இல்லை. இதைக் கண்டுபிடிக்கத்தான் ஆறு வாரம். பிறகு 4.19க்குத் திரும்பினேன். பழைய கருவிக்கு வேலை செய்யும்போது, அதன் உறவுக்காரக் கருவிகள் உயிரோடு இருந்த காலத்துக் கர்னலில் தொடங்குங்கள். புதியதற்கு நகர்வதை எல்லாம் ஓடியபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, முதல் கருவியை நான் கொன்ற கதை. விண்டோஸை ஏன் வைத்துக்கொண்டிருக்க வேண்டும், அது இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தை அழித்துவிட்டு, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரை எழுதிவிட்டால் சுத்தமாக இருக்குமே என்று தோன்றியது. உறவுக்காரக் கருவி ஒன்றுக்கான பூட்லோடரை எடுத்து என் கருவியில் எழுதினேன். எழுதுவது வெற்றிகரமாக முடிந்தது என்று ஒரு செய்தியும் வந்தது. ரீசெட் பொத்தானை அழுத்தினேன். அதன்பிறகு அந்தத் திரை இன்றுவரை ஒளிரவில்லை. பிராசஸர் எழுந்ததும் முதலில் படிக்கும் இடத்தையே நான் குப்பையாக்கியிருந்தேன். ஜேடேக் இணைப்பு இருந்தால் வெளியிலிருந்து ஃபிளாஷை மறுபடி எழுதலாம். ஆனால் அந்தப் போர்டில் ஜேடேக் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. பிரித்துப் பார்த்து, பூதக்கண்ணாடி வைத்து மூன்று நாள் தேடிவிட்டு மூடிவைத்தேன். அந்த வாரம் முழுக்க யார் எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் ஃபிளாஷைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. விண்டோஸ் சிஇ (விண்டோஸ் மொபைலின் அடித்தளம்) கருவிகளுக்கென்றே ஹாரெட் என்று ஒரு சிறிய நிரல் உண்டு. அதையும் கர்னல் கோப்பையும் மெமரி கார்டில் வைத்து, விண்டோஸுக்குள்ளிருந்து சாதாரண நிரல்போல் அதை ஓடவிட்டால், அது கர்னலை ராமில் ஏற்றி, விண்டோஸை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, கட்டுப்பாட்டைக் கர்னலிடம் கொடுத்துவிடும். சரியாக வரவில்லையா, ரீசெட் செய்தால் விண்டோஸ் மறுபடி எழுந்து நிற்கும். நூறு முறை தோற்றாலும் கருவிக்கு ஒன்றும் ஆகாது. நான் இருநூறு முறைக்கு மேல் தோற்றேன்.

ஆனால் ஹாரெட்டின் பெரிய பயன் பூட் செய்வது இல்லை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே வன்பொருளின் அமைப்பு எண்கள் நிற்கும் ரெஜிஸ்டர்களை எட்டிப்பார்க்க அது விடும். இணைப்பு கொடுத்து மேசைக் கணினியிலிருந்து அதற்குக் கட்டளை அனுப்பலாம். ஓர் இரவு அதை ஜிபிஐஓ என்ற பொதுப்பயன் கால்களைக் கவனிக்கும் நிலையில் வைத்துவிட்டு, கருவியின் முன்பக்கப் பொத்தானை மெல்ல அழுத்தினேன். மேசைக் கணினியின் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: 97ஆம் கால், 1இலிருந்து 0. விட்டேன். 0இலிருந்து 1. மறுபடி அழுத்தினேன், மறுபடி அதே வரி. குழந்தை மாதிரி பத்துப் பதினைந்து முறை அழுத்திக்கொண்டே இருந்தேன். அப்புறம் இயர்ஃபோனைச் செருகினேன், வேறொரு எண். மெமரி கார்டைப் பிடுங்கினேன், இன்னொன்று. சார்ஜரைச் செருகியபோது ஒரே நேரத்தில் மூன்று எண்கள் மாறின. அந்த மூன்றில் எது எதற்கு என்று பிரிக்கவே இன்னொரு இரவு ஆனது. சில கால்கள் யாரும் தொடாமலே படபடவென்று மாறிக்கொண்டிருக்கும். அவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் திரை வெள்ளமாக ஓடும். திரையின் கணக்கும் இப்படித்தான் கிடைத்தது. திரைக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் ஒன்றின் கடைசிப் பத்து பிட்களைப் பிரித்துப் பார்த்தால் 239. அடுத்த ரெஜிஸ்டரில் 319. அதாவது 240, 320 இரண்டிலும் ஒன்று குறைவாக. இன்டெல் கையேட்டில் சொன்னபடியே இருந்தது. மற்ற பிட்களில் ஒத்திசைவுத் துடிப்பின் நீளம், ஓரங்களில் விட வேண்டிய இடைவெளி எல்லாம். அதற்கடுத்த ரெஜிஸ்டரில் கடிகார வகுப்பான். தயாரிப்பாளர் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த விவரம் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை அப்படியே வெட்டவெளிச்சமாகக் கிடக்கிறது. இந்தக் கையேட்டைத் தேடுபவர்களுக்கு ஒன்று: அந்தப் பிராசஸர் பிரிவை இன்டெல் 2006இல் மார்வெல்லுக்கு விற்றுவிட்டது. எனவே இரண்டு பெயரிலும் தேடுங்கள். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும், பயப்பட வேண்டாம். ஜிபிஐஓ, திரை, மின்மேலாண்மை, இந்த மூன்று அத்தியாயம் போதும்.

இப்படிச் சேகரித்ததை எங்கே எழுதிவைத்தேன் தெரியுமா? அந்தக் கருவியிலேயே, அதன் குறிப்பு நிரலில். கையில் இருக்கிறதே, ஸ்டைலஸால் கிறுக்குவது சுலபமாக இருக்கிறதே என்று. விண்டோஸ் மொபைல் 5க்கு முந்தைய கருவிகளில் நாம் சேமிப்பதெல்லாம் ராமில்தான் நிற்கும். பேட்டரி முழுதாக இறங்கினால் எல்லாம் போய், புதுக் கருவிபோல் எழுந்து நிற்கும். ஒரு சனிக்கிழமை அப்படித்தான் எழுந்து நின்றது, திரையைக் குச்சியால் தொட்டுச் சீர்செய்யச் சொல்லி. ஐந்து இரவு வேலை. அன்றைக்கே மேசைக் கணினியில், மாற்றங்களை வரலாற்றோடு சேமிக்கும் ஒரு கிட் களஞ்சியம் தொடங்கி, ஒவ்வொரு எண்ணையும் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதோடு சேர்த்து எழுத ஆரம்பித்தேன். எண்ணை மட்டும் எழுதினால் இரண்டு மாதம் கழித்து அது நிச்சயமா, ஊகமா என்று நமக்கே தெரியாது.

எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியில் அனுப்பும் சீரியல் இணைப்பு இல்லாமல் தொடங்காதீர்கள். கர்னல் எழும்பும்போது திரை வேலை செய்யாது, விசைப்பலகை கிடையாது, நெட்வொர்க் இருக்காது. அது பேசும் ஒரே வாய் சீரியல்தான். கருவியை மேசையில் நிறுத்திவைக்கும் தொட்டிலோடு சேரும் இணைப்பியில் சீரியல் கால்கள் இருந்தன. இங்கேதான் இரண்டாவது கருவியை ஊனமாக்கினேன். பழைய மேசைக் கணினியின் சீரியல் போர்ட்டில் மின்னழுத்தம் கூட்டலிலும் கழித்தலிலுமாகப் பன்னிரண்டு வோல்ட் வரை போகும். கருவியின் காலில் இருப்பது 3.3 வோல்ட். கம்பியை நேராகச் சேர்த்துவிட்டேன். புகை வரவில்லை, வாசனை வரவில்லை. ஆனால் கருவி கேட்கும் கால் அன்றைக்கே செவிடாகிவிட்டது. பேசும் கால் மட்டும் தப்பியது. அதனால் அடுத்த பல மாதம் கர்னல் சொல்வதை நான் கேட்க முடிந்தது, பதில் சொல்ல முடியவில்லை. பிறகு யூஎஸ்பி வழியாக நெட்வொர்க் வேலை செய்ய ஆரம்பித்ததும் அதன் வழியே உள்ளே நுழைந்து சமாளித்தேன். 3.3 வோல்ட் என்று தெளிவாகப் போட்ட யூஎஸ்பி சீரியல் மாற்றி ஒன்று வாங்குங்கள். கம்பியைச் சேர்க்கும் முன் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

முதல்முறை கர்னலை ஓடவிட்டபோது சீரியலில் இரண்டு வாக்கியம் வந்தது. லினக்ஸைப் பிரிக்கிறேன், முடிந்தது, கர்னலைத் தொடங்குகிறேன். அவ்வளவுதான், அதற்குமேல் மௌனம். இந்த வேலையில் இறங்கிய எல்லோரும் இந்த மௌனத்தில் சில வாரங்களைத் தொலைத்திருப்பார்கள். இதற்குக் காரணங்கள் அதிகம் இல்லை. இயந்திர எண் பொருந்தாமல் இருக்கலாம். ராம் தொடங்கும் முகவரி தவறாக இருக்கலாம். பிஎக்ஸ்ஏவில் இருப்பது 64 எம்பிதான் என்றாலும் அதன் முகவரி பூஜ்யத்தில் தொடங்காது, 2.5 ஜிபி என்ற இடத்தில் தொடங்கும். அல்லது கர்னல் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், வேறொரு சீரியல் போர்ட்டில் பேசிக்கொண்டிருக்கும். இந்தப் பிராசஸரில் மூன்று உண்டு. எனக்கு நடந்தது கடைசியில் சொன்னது. கர்னல் எழுந்து, நிரல்கள் எல்லாம் இருக்கும் ரூட் கோப்பு முறைமையைத் தேடி, கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்தது, ஒவ்வொரு முறையும், நான் பார்க்காத போர்ட்டில் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லிவிட்டு. பதினெட்டு நாள். கர்னல் அமைப்பில் கீழ்நிலைப் பிழைத்திருத்தம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. டிரைவர்கள் எழும் முன்பே எழுத்துகளைச் சீரியலில் தள்ளும். அதில் எந்தப் போர்ட் என்பதையும் சரியாகக் கொடுத்துவிட்டால் இந்தப் பதினெட்டு நாள் உங்களுக்கு ஒரு சாயங்காலம். சீரியலே கிடைக்காத கருவி என்றால் ஏதாவது ஒரு விளக்கையோ அதிர்வு மோட்டாரையோ பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வரி வரை வந்தால் எரி, அடுத்த வரிக்கு வந்தால் அணை. பழைய முறைதான், ஆனால் கண் தெரியாதவனுக்கு அதுவும் ஒரு கோல்.

அடுத்து வந்தது என்னை நிஜமாகவே கைவிட வைத்த இடம். கர்னல் எழுந்துவிட்டது, கார்டையும் படித்துவிட்டது, முதல் நிரலான இனிட்டைத் தொடங்கியதும் செத்தது. இனிட்டைக் கொல்ல முயற்சி என்று சொல்லி, முடிவுக் குறி 4 என்று காட்டியது. 4 என்றால் பிராசஸர் அறியாத கட்டளை. யோசித்துப் பார்த்தபோது தெரிந்தது, நான் கார்டில் வைத்திருந்தது ஆர்ம்எச்எஃப் வகைக் கோப்பு முறைமை. அது ஏழாம் தலைமுறை ஆர்முக்கும், மிதவைப்புள்ளிக் கணக்கை வன்பொருளிலேயே செய்யும் பிராசஸருக்கும் ஆனது. பிஎக்ஸ்ஏ270 ஐந்தாம் தலைமுறை, அந்தக் கணக்குப்பகுதி அதில் இல்லை. சரி, கண்டுபிடித்துவிட்டோம் என்று கோப்பு முறைமையைக் கட்டித்தரும் பில்ட்ரூட்டில் ஐந்தாம் தலைமுறைக்கென்று புதிதாகக் கம்பைல் செய்து வைத்தேன். அதே சாவு. அதே 4. திருத்தியது சரியாகத் திருந்தவில்லை என்று நினைத்து, கம்பைலர் தேர்வுகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தேன். பதினோரு நாள். உண்மையில் முதல் தவறு அன்றைக்கே சரியாகிவிட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு தவறு அதே முகத்தோடு நின்றுகொண்டிருந்தது. ஆர்மில் நிரல்கள் கர்னலை அழைக்கும் முறை இரண்டு: பழையது, அப்புறம் இஏபிஐ என்ற புதியது. என் நிரல்கள் புதிய முறையில் அழைத்தன. என் கர்னல் பழைய முறையை மட்டுமே அறிந்திருந்தது, ஏனென்றால் பழைய பிராசஸர்களுக்கு 4.19 கர்னல் அமைப்பில் அந்தத் தேர்வு தானாக விழாது, நாம்தான் போய் டிக் செய்ய வேண்டும். புரியாத அழைப்பு வந்ததும் கர்னல் அதே 4ஐக் கொடுத்து இனிட்டைக் கொன்றது. ஒரு டிக். அதைப் போட்டதும் பிஸிபாக்ஸ் என்ற சிறு நிரல்தொகுப்பின் ஷெல் (கட்டளைவரி) எழுந்து நின்றது. சந்தோஷப்பட வேண்டிய நேரம், எனக்கு அழுகைதான் வந்தது. ஒரு திருத்தத்துக்குப் பிறகும் அதே பிழை வந்தால், திருத்தம் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். திருத்திய நிரலைத் தனியாக ஒரு போலிக் கருவியில், க்யூஈமூ போன்ற ஒன்றில், ஓட்டிப் பார்த்திருந்தால் முதல் நாளே அது சரி என்று தெரிந்திருக்கும்.

திரை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. எண்கள் கையில் இருந்ததால், கர்னல் எழும்போது காட்டும் லினக்ஸின் பென்குயின் படம் சீக்கிரமே வந்துவிட்டது. அலகு மஞ்சளாக இல்லாமல் வானநீலமாக இருந்தது, சிவப்பும் நீலமும் இடம் மாறியதால். அதைச் சிரித்துக்கொண்டே சரிசெய்தேன். சிரிக்க முடியாதது, ஒருநாள் திரைக்கு மின்சாரம் இருக்கும்போதே கடிகாரத் துடிப்பை நிறுத்திவிட்டது. ஓரங்களிலிருந்து வெள்ளை மெல்ல மெல்ல நடுப்பக்கம் ஊறி வந்தது, துணியில் தண்ணீர் ஊறுவதுபோல. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதனால் சில விநாடி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். திரவப் படிகத்தில் ஒரே திசையில் மின்னழுத்தம் நின்றால் அது கெட ஆரம்பிக்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் யோசிக்காமல் பேட்டரியைக் கழற்றுங்கள். என் திரையில் இடது ஓரம் இன்றும் கொஞ்சம் வெளிறியே இருக்கிறது. தொடுதிரை பெரிய தொல்லை தரவில்லை. டிஎஸ்லிப் என்ற தொடுதிரை நிரலகத்தை வைத்துச் சீர்செய்தால் போதும், குச்சியின் நடுக்கத்தை அதுவே வடிகட்டிக்கொள்ளும்.

பேட்டரிக்கு வருகிறேன். விண்டோஸில் சார்ஜரைச் செருகினால் சார்ஜ் ஏறும். லினக்ஸில் செருகினால் ஏறாது, ஏனென்றால் சார்ஜ் செய்யும் சில்லை இயக்கும் காலை யாரும் உயர்த்தவில்லை. சார்ஜர் செருகியிருக்கிறதே என்ற தைரியத்தில் இரவு முழுக்கச் சோதனையை ஓடவிட்டு, காலையில் வந்து பார்த்தால் பிணம். ஆழமாக இறங்கிய லித்தியம் பேட்டரி திரும்பச் சார்ஜ் ஏற்காமல் போகலாம். எனக்கு அப்படி இரண்டு போயின. மூன்றாவது, செத்த முதல் கருவியிலிருந்து கழற்றியது. அதைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். உடைந்த கருவியைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். பேட்டரியின் அளவைப் படிக்கும் டிரைவர் வரும்வரை, ஒவ்வொரு இரவும் விண்டோஸுக்குத் திரும்பி அங்கே சார்ஜ் செய்யுங்கள்.

கடைசி மலை, உறக்கம். பையில் வைத்திருக்கும் கருவி பொத்தானை அழுத்தினால் உறங்கி, மறுபடி அழுத்தினால் விழிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கையடக்கக் கணினியே இல்லை, நாலு மணி நேரத்தில் தீர்ந்துபோகும் ஒரு விளையாட்டுப் பொருள். பிஎக்ஸ்ஏ உறங்கும்போது பிராசஸரின் பெரும்பகுதிக்கு மின்சாரம் நின்றுவிடும், ராம் மட்டும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு உயிரோடு இருக்கும். விழிக்கும்போது பிராசஸர் புதிதாகப் பிறந்ததுபோல் ஃபிளாஷின் தொடக்கத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். அங்கே இருப்பது தயாரிப்பாளரின் பூட்லோடர். அது, இது உறக்கத்திலிருந்து வந்ததா, புதிய தொடக்கமா என்று பார்த்து, உறக்கம் என்றால் இயங்குதளம் விட்டுச்சென்ற முகவரிக்குத் தாவ வேண்டும். லினக்ஸ் அந்த முகவரியை அதற்கென்று உள்ள ரெஜிஸ்டரில் வைத்துவிட்டுத்தான் உறங்கியது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் விழித்தபோது விண்டோஸ் முதலிலிருந்து எழுந்தது. ஏழு வாரம் லினக்ஸ் பக்கமே தோண்டிக்கொண்டிருந்தேன்.

அதுவரை யாரையும் எதையும் கேட்கவில்லை. என் கருவி வேறு, என் பிரச்சினை வேறு என்ற எண்ணம், கூடவே முட்டாள்தனமாகத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம். ஒருவழியாக, உறவுக்காரக் கருவியின் போர்டு ஃபைலை எழுதியவர் யார் என்று கர்னலின் கிட் வரலாற்றில் பார்த்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பல வருடத்துக்கு முன் விட்ட வேலை, பதில் வராது என்றுதான் நினைத்தேன். இரண்டே நாளில் நாலு வரியில் பதில் வந்தது. அவருடைய கருவியின் பூட்லோடர் அந்த ரெஜிஸ்டரைப் பார்ப்பதே இல்லை, ராமில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத்தான் பார்க்கும், என்னுடையதும் அப்படி இருக்கலாம், விண்டோஸ் உறங்கும் முன்னும் பின்னும் ராமை எடுத்து ஒப்பிட்டுப் பார் என்று. ஒப்பிட்டேன். ஓரிடத்தில் முகவரி மாதிரி ஓர் எண்ணும், அதன் பக்கத்தில் சரிபார்ப்புக் கூட்டல் மாதிரி இன்னொன்றும் இருந்தன. லினக்ஸையும் உறங்கும் முன் அதே இடத்தில் அதே மாதிரி எழுதச் செய்தேன். பொத்தானை அழுத்தினேன், திரை அணைந்தது. மறுபடி அழுத்தினேன். நான் விட்டுச்சென்ற அதே கட்டளைவரி, கர்சர் சிமிட்டிக்கொண்டு.

ஆண்ட்ராய்டு காலத்துக் கருவியில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பாதை கொஞ்சம் அகலம். 2017இல் தொடங்கிய, போன்களுக்கான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்ற திட்டங்கள், வேலையைத் தொடங்கத் தேவையான கருவிகளைக் கையிலேயே கொடுத்துவிடுகின்றன. கர்னலின் ஜிபிஎல் உரிமத்தின்படி கருவியை விற்பவர் கர்னல் மூலநிரலைத் தர வேண்டும் என்பதால், என்னைப் போல் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி எண் பிடிக்க வேண்டியதில்லை, அந்த மூலநிரலிலேயே எழுதியிருக்கும். ஆனால் பூட்லோடரைத் திறக்க முடியுமா என்பதைக் கருவி வாங்கும் முன்பே பாருங்கள். திறந்ததும் முதல் வேலையாக எல்லாப் பார்ட்டிஷன்களையும் பேக்கப் எடுத்துவிடுங்கள். வைஃபை, மோடம் ஆகியவற்றின் அளவுத்திருத்த விவரங்கள் பல கருவிகளில் அந்த ஒரு கருவிக்கென்றே தொழிற்சாலையில் எழுதப்பட்டவை. அழிந்தால் வேறு கருவியிலிருந்து நகலெடுத்துப் பிழைக்க முடியாது.

இப்போது என் கருவி பையில் இருக்கிறது. டெர்மினல், ஒரு சின்ன எடிட்டர், யூஎஸ்பி வழி நெட்வொர்க், எல்லாம் ஓடுகின்றன. பிரவுசர் எதிர்பார்க்காதீர்கள், 64 எம்பியில் அது நடக்காது. ஒலியும் வருகிறது, ஆனால் உறங்கி எழுந்தபின் வருவதில்லை. ஒலிச் சில்லுக்கு விண்டோஸ் எழுந்ததும் என்ன சொல்கிறது என்று இன்னொரு முறை எட்டிப்பார்த்து எழுதிவர வேண்டும். ஃபிளாஷில் அந்தப் பழைய விண்டோஸ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.